வேலையைக் கையோடு கொண்டு போகலாம்!

வெளிநாட்டுக்குப் போகலாம். ஒரு வருடம் தங்கலாம். அங்கே வேலை தேட வேண்டாம். இங்கே பார்க்கிற வேலையையே அங்கே உட்கார்ந்து பார்க்கலாம்!

இப்படி ஒரு புது விதமான 'விசா' வந்திருக்கிறது. 2020-ம் ஆண்டில் கொரோனாக் காலத்தில் இது பரவத் தொடங்கியது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைக் கொடுக்கின்றன.

இது யாருக்குக் கிடைக்கும்? எவ்வளவு சம்பளம் வேண்டும்? இதன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி?

சோபர்ஸ் பிறந்த தீவு

வெஸ்ட் இண்டீஸ் தீவுகளில் ஒன்று பார்படாஸ். கிரிக்கெட் வீரர் கார்பீல்டு சோபர்ஸ் பிறந்த இடம். 2024-ம் ஆண்டு இந்தியா 20 ஓவர் உலகக் கோப்பையை வென்றதும் இந்தத் தீவில்தான்.

தீவின் பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர். ஏறக்குறைய சென்னை மாநகராட்சியின் அளவு. ஆனால் ஜனத்தொகை 3 லட்சம் கூட இல்லை.

கடலும் மணலும்தான் இந்தத் தீவின் சொத்து. அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் செலவழிக்கும் பணத்தில்தான் பலருக்குப் பிழைப்பு.

2020-ல் கொரோனா வந்தது. விமானங்கள் நின்றன. ஓட்டல்கள் காலியாகக் கிடந்தன. தீவு திண்டாடியது.

அதே நேரத்தில் உலகம் முழுவதும் இன்னொன்று நடந்தது. ஆபீசுகளை மூடினார்கள். ஆனால் வேலை நிற்கவில்லை. கணக்கு எழுதுகிறவர், படம் வரைகிறவர், 'கம்ப்யூட்டர்' திட்டம் எழுதுகிறவர் எல்லோரும் வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்தார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

வீட்டில் இருந்தே வேலை பார்க்கலாம் என்றால், அந்த வீடு பார்படாசில் இருந்தால் என்ன?

பார்படாஸ் அரசாங்கத்துக்கு இந்த யோசனை வந்தது. 2020 ஜூலையில், மியா மோட்லி என்ற பெண்மணி பிரதமராக இருக்கும்போது, ஒரு புதிய திட்டம் பிறந்தது. அதன் பெயர் 'வெல்கம் ஸ்டாம்ப்'. அதாவது, வரவேற்பு முத்திரை.

இந்த முத்திரை பெற்றவர் 12 மாதம் தீவில் தங்கலாம். அவருடைய வேலை வெளிநாட்டுக் கம்பெனியில் இருக்க வேண்டும். வருட வருமானம் 50 ஆயிரம் அமெரிக்க டாலர். நம் பணத்தில் 40 லட்சம் ரூபாய்க்கு மேல்! தனி ஆளுக்குக் கட்டணம் 2 ஆயிரம் டாலர். குடும்பத்துக்கு 3 ஆயிரம் டாலர்.

வெளியில் இருந்து வரும் அந்தச் சம்பளத்துக்கு பார்படாசில் வருமான வரி கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் வழி உண்டு.

ஏன் இந்த உபசாரம்?

சும்மா யாராவது விருந்து வைப்பார்களா? இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

வேலை தேடி வருகிற வெளிநாட்டுக்காரர், உள்ளூர்க்காரருக்குக் கிடைக்க வேண்டிய வேலையில் உட்கார்ந்து விடலாம். ஆகவே எந்த நாடும் அவரை யோசித்துத்தான் உள்ளே விடும்.

இந்த விசாவில் வருகிறவரோ, வேலையைக் கையோடு கொண்டு வருகிறார். சம்பளம் வேறு நாட்டில் இருந்து வருகிறது. அதை வாடகைக்கும், சாப்பாட்டுக்கும், கார் கூலிக்கும் உள்ளூரில் செலவழிக்கிறார். சுற்றுலா வருகிறவர் பத்து நாளில் போய்விடுவார். இவர் வருடம் முழுவதும் கடைக்குப் போவார்!

இதுதான் அந்தக் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் மற்ற நிபந்தனைகள் எல்லாம் தானே புரியும்.

மூன்று வகை விசா

விசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழைய அந்த நாடு கொடுக்கும் அனுமதி.

சுற்றுலா விசா ஒரு வகை. ஊரைப் பார்க்கலாம், கோவில் குளம் போகலாம். சம்பாதிக்கக் கூடாது.

வேலை விசா இன்னொரு வகை. அந்த நாட்டுக் கம்பெனி ஒன்று, 'இவர் எங்களுக்குத் தேவை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

புதிய விசா இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அந்த நாட்டில் தங்கலாம். ஆனால் அந்த நாட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கக் கூடாது. வெளிநாட்டு வேலையைத்தான் தொடர வேண்டும்.

"சுற்றுலா விசாவில் போய், ஓட்டல் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தால் யாருக்குத் தெரியும்?" என்று சிலர் கேட்பது உண்டு. பல நாடுகளில் அது குற்றம். பிடிபட்டால் திருப்பி அனுப்பி விடுவார்கள். மறுபடி நுழையத் தடையும் விதிக்கலாம்.

சுற்றுலா விசாவிலேயே இதை அனுமதிக்கும் நாடும் உண்டு. நியூசிலாந்து 2025 ஜனவரி 27-ந் தேதி முதல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் சட்டத்தை வைத்து இன்னொரு நாட்டில் நடக்க முடியாது.

அட்டை வேறு, விசா வேறு

ஐரோப்பாவில் எஸ்தோனியா என்று ஒரு சிறிய நாடு. ஜனத்தொகை சுமார் 13 லட்சம். தேர்தலில் 'இன்டர்நெட்' மூலம் ஓட்டுப் போடுவதை 2005-லேயே தொடங்கிய நாடு அது.

2020 ஆகஸ்டு 1-ந் தேதி எஸ்தோனியாவும் இந்தப் புது விசாவைக் கொண்டு வந்தது. ஒரு வருடம் வரை தங்கலாம்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. 2014 டிசம்பர் முதல் எஸ்தோனியா வெளிநாட்டினருக்கு ஓர் அட்டை கொடுத்து வருகிறது. அதன் பெயர் 'இ-ரெசிடென்சி'. அதை வைத்துக்கொண்டு, உலகில் எங்கே இருந்தாலும், எஸ்தோனியாவில் கம்பெனி பதிவு செய்யலாம்.

ஆனால் அந்த அட்டையைக் காட்டி எஸ்தோனியாவுக்குள் நுழைய முடியாது. ஒரு நாள் கூடத் தங்க முடியாது!

"ஐரோப்பாவில் குடியேற அட்டை வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால், இதை நினைவில் வைக்க வேண்டும்.

எவ்வளவு சம்பளம் வேண்டும்?

இந்த விசாவில் முதல் கேள்வியே சம்பளம்தான். படிப்பு, வயது எல்லாம் பிறகு.

போர்ச்சுகல் 2022 அக்டோபர் 30-ந் தேதி இந்த விசாவைத் தொடங்கியது. அங்கே சட்டப்படி ஒரு தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்த சம்பளம் ஒன்று உண்டு. அதைப்போல் நான்கு மடங்கு சம்பாதிக்க வேண்டும். 2025-ல் அந்தக் குறைந்த சம்பளம் மாதம் 870 யூரோ. ஆகவே விசா கேட்டவர் மாதம் 3,480 யூரோ காட்ட வேண்டி இருந்தது.

ஸ்பெயின் 2023-ல் தொடங்கியது. அங்கே இரண்டு மடங்கு போதும். சொந்தமாகத் தொழில் செய்கிறவர், தம் வேலையில் 20 சதவீதம் வரை ஸ்பெயின் நாட்டுக்காரர்களுக்கும் செய்து கொடுக்கலாம்.

தென்கொரியா 2024 ஜனவரியில் தொடங்கியது. அந்நாட்டு மக்களின் தலைக்குச் சராசரி வருமானம் எவ்வளவோ, அதைப்போல் இரு மடங்கு வேண்டும்.

இந்தத் தொகைகள் நிலையானவை அல்ல. எஸ்தோனியா தொடங்கியபோது மாதம் 3,504 யூரோ கேட்டது. பிறகு அதை 4,500 யூரோ ஆக உயர்த்தியது. ஆகவே பழைய தாளைப் பார்த்துப் பணம் கட்டக் கூடாது. அந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பில் அன்றைய தொகையைப் பார்க்க வேண்டும்.

அருகில் உள்ள நாடுகள்

ஐரோப்பியக் கணக்கு தலையைச் சுற்றுகிறதா? அருகிலும் சில நாடுகள் இருக்கின்றன.

மலேசியா 2022 அக்டோபரில் 'டி.இ. ரந்தாவ்' என்ற அனுமதிச் சீட்டைக் கொண்டு வந்தது. 'ரந்தாவ்' என்ற மலாய்ச் சொல், பிழைப்புக்காக வெளியூர் போவதைக் குறிக்கும். 3 மாதம் முதல் 12 மாதம் வரை தங்கலாம். பிறகு இன்னும் 12 மாதம் நீட்டிக்கக் கேட்கலாம்.

'கம்ப்யூட்டர்' துறையில் இருப்பவர் வருடத்துக்கு 24 ஆயிரம் டாலர் சம்பாதிக்க வேண்டும். அதாவது மாதம் 2 ஆயிரம் டாலர். நம் பணத்தில் 1 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்க்கு மேல். மற்றத் துறையினருக்கு 2024-ல் வழி திறந்தது. ஆனால் அவர்களுக்குத் தொகை 60 ஆயிரம் டாலர்! மனைவி, மக்களையும் அழைத்துப் போகலாம்.

தாய்லாந்தில் வேறு முறை. 2024 ஜூலை 15-ந் தேதி வந்த விசா 5 வருடத்துக்குச் செல்லும். ஆனால் தொடர்ந்து 5 வருடம் தங்கி விட முடியாது. ஒரு தடவை போனால் 180 நாள். இங்கே சேமிப்பைப் பார்க்கிறார்கள். 5 லட்சம் 'பாட்' கையிருப்பு இருக்க வேண்டும். 'பாட்' என்பது தாய்லாந்து நாணயம்.

மொரீசியஸ் தீவு 2020-லேயே ஒரு வருட விசாவைத் தொடங்கியது. அப்போது மாதம் 1,500 டாலர் வருமானம் கேட்டார்கள். அந்தத் தீவின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. தைப்பூசத்துக்கு அரசாங்க விடுமுறையும் உண்டு!

கதவு திறக்காத இடங்கள்

சம்பளம் இருந்தால் எங்கும் போகலாமா? அதுதான் இல்லை.

ஜப்பான் 2024 மார்ச்சு இறுதியில் 6 மாத விசாவைக் கொண்டு வந்தது. வருமானம் வருடத்துக்கு 1 கோடி 'யென்' வேண்டும். அதோடு முடியவில்லை. குறிப்பிட்ட சுமார் ஐம்பது நாட்டுக்காரர்களுக்குத்தான் அது உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

ஐஸ்லாந்திலும் இதே கதை. விசா இல்லாமலே ஐரோப்பாவுக்குள் நுழையும் உரிமை உள்ள நாட்டினருக்கே அந்தச் சலுகை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்த உரிமை இல்லை.

ஆகவே சம்பளக் கணக்கைப் பார்ப்பதற்கு முன்பே, இந்தியர்களுக்கு இடம் உண்டா என்று பார்க்க வேண்டும்.

கடிகாரமும் முதலாளியும்

சென்னையில் காலை 9.30 மணி ஆகும்போது பார்படாசில் நள்ளிரவு 12 மணி! சென்னைக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் அங்கே போனால், ஊர் தூங்கும்போது விழித்திருக்க வேண்டும். கடற்கரையில் நடக்க வேண்டிய நேரத்தில் குறட்டை விட வேண்டும்.

அடுத்தது, முதலாளியின் சம்மதம். 'வீட்டில் இருந்து வேலை பார்' என்று கம்பெனி சொன்னால், 'எந்த நாட்டில் இருந்தும் வேலை பார்' என்று அர்த்தம் ஆகாது.

கம்பெனியின் இரகசியக் கணக்குகள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று விதி இருக்கலாம். ஊழியர் வேறு நாட்டில் நெடுநாள் இருந்தால், கம்பெனிக்கே அந்த நாட்டில் வரிப் பிரச்சினை வரலாம். ஆகவே பல கம்பெனிகள் தயங்குகின்றன.

வெளியூரில் இருந்தும் வேலை பார்க்கலாம் என்று கம்பெனி எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் சம்பளக்காரருக்கு இந்த விசா கிடைப்பது அரிது.

வரி யாருக்கு?

'வருமான வரி இல்லை' என்று எல்லா நாடும் சொல்வது கிடையாது. பார்படாஸ், குரோவேஷியா போன்ற நாடுகள் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கின்றன. வேறு பல நாடுகளில், வருடத்தில் பாதிக்கு மேல், அதாவது 183 நாள் தங்கினால், வரி கட்டுகிறவர்கள் கணக்கில் சேர்த்து விடுவார்கள்.

இந்தியாவிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நிதி ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருப்பவர், வரிச் சட்டப்படி இங்கே குடியிருப்பவர். அவர் வெளிநாட்டில் சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டி வரும்.

இரண்டு நாடுகள் ஒரே பணத்துக்கு வரி கேட்காமல் இருக்க, நாடுகளுக்குள் ஒப்பந்தங்கள் உண்டு. புறப்படும் முன்பே ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

ஊர்க்காரர் என்ன சொல்கிறார்?

வெளியூர்ப் பணம் வந்தால் ஊருக்கு நல்லதுதானே? எல்லோருக்கும் நல்லது என்று சொல்ல முடியாது.

போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பன். அங்கே வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. சுற்றுலாக்காரர்களுக்கு விடும் வீடுகள் பெருகின. கையில் பணத்தோடு வெளிநாட்டுக்காரர்களும் வந்தார்கள். உள்ளூர்ச் சம்பளமோ குறைவு. 2023 ஏப்ரல் 1-ந் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் வீடு கேட்டு ஊர்வலம் போனார்கள்.

மெக்சிகோ நகரத்திலும் 2025 ஜூலையில் இப்படி ஆர்ப்பாட்டம் நடந்தது. வெளிநாட்டுக்காரர்கள் குவிந்ததால் வாடகை ஏறி, பழைய குடிகள் வெளியேற வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் குறை.

வீட்டுக்காரருக்கு லாபம்; வாடகைக்கு இருப்பவருக்குக் கஷ்டம். விருந்தாளியாகப் போகிறவர் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வலை விரிப்பவர்கள்

இனிதான் முக்கியமான விஷயம்.

"வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. கை நிறையச் சம்பளம். விசாவுக்கு நாங்கள் பொறுப்பு." இப்படி 'செல்போனில்' வரும் அழைப்புகள் ஏராளம்.

2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. தாய்லாந்தில் 'டிஜிட்டல்' விற்பனை வேலை என்று சொல்லி வாலிபர்களை அழைத்துப் போகிறார்கள். பிறகு சட்டவிரோதமாக எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டு போய், அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று அமைச்சகம் கூறியது.

அந்த 'வேலை' என்ன தெரியுமா? கம்ப்யூட்டர் மூலம் மற்றவர்களை ஏமாற்றிப் பணம் பறிப்பது!

2025 மார்ச்சு மாதத்தில் இப்படிச் சிக்கிய 549 இந்தியர்களை, இந்திய விமானப்படை விமானங்கள் தாய்லாந்தில் இருந்து ஏற்றி வந்தன. வேலை என்று நம்பிப் போன பிள்ளைகள். கடன் வாங்கி அனுப்பிய குடும்பங்கள்.

புது விசாவின் பெயரைச் சொல்லியும் ஆசை காட்டலாம். அப்போது ஒரே ஒரு விஷயத்தை நினைத்தால் போதும்.

இந்த விசா யாருக்கும் வேலை தராது. ஏற்கனவே வேலை உள்ளவருக்குத் தங்க இடம் தரும். அவ்வளவுதான்!

"இந்த விசா எடுத்தால் அங்கே வேலை கிடைக்கும்" என்று ஒருவர் சொன்னால், அவர் விவரம் தெரியாதவராக இருக்க வேண்டும். அல்லது ஏமாற்றுகிறவராக இருக்க வேண்டும். இருவரிடமும் பணம் கொடுக்கக் கூடாது.

உண்மையாகவே வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஏஜெண்டு அரசாங்கத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அதற்காக வந்தது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. அங்கே விசாரிக்கலாம்.

புறப்படும் முன்

எல்லாம் சரியாக இருந்து, புறப்பட நினைக்கிறவர் என்ன செய்ய வேண்டும்?

இந்தியருக்கு அந்த விசா உண்டா என்று தூதரகத்தில் கேட்க வேண்டும். சம்பளத் தொகை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பெனியின் சம்மதக் கடிதம் வாங்க வேண்டும்.

பாஸ்போர்ட்டு பல மாதம் செல்லுபடி ஆக வேண்டும். சில மாதங்களின் 'பாங்கி' கணக்கு வேண்டும். வைத்தியச் செலவுக்கு 'இன்சூரன்ஸ்' பெரும்பாலான நாடுகளில் கட்டாயம். குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் சான்றிதழையும் பல நாடுகள் கேட்கின்றன. அதைப் பாஸ்போர்ட்டு அலுவலகத்தில் பெறலாம்.

குழந்தை படிக்கிறது என்றால், அங்கே எந்தப் பள்ளிக்கூடம், என்ன சம்பளம் என்று முன்பே விசாரிக்க வேண்டும். தனியார் பள்ளிக் கட்டணம் வாடகையை விழுங்கி விடும்.

திரும்பி வரப் பணமும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். கம்பெனி வேலை போய்விட்டால், விசாவுக்கும் ஆதாரம் போய்விடும். அந்த ஊரில் வேறு வேலை பார்க்கவும் சட்டம் இடம் கொடுக்காது.

கடிதம், கணக்கு, கையிருப்பு. இந்த மூன்றும் இருந்தால் பெட்டியைக் கட்டலாம். ஒன்று குறைந்தாலும், பெட்டி பரணிலேயே இருக்கட்டும்!